நாலாம் கிழமை கையைத் தடவிப் பாருங்கள்

என்னுடைய இடது கையில் இரண்டு தழும்பு இருக்கிறது. மணிக்கட்டுக்குக் கிட்ட இருப்பது சரிவராமல் போன பிஸ்டுலா. முழங்கை மடிப்பில் இருப்பது சரிவந்தது. கிழமைக்கு இரண்டு தரம், ஒவ்வொரு தரமும் நாலு மணித்தியாலம், அதில்தான் ஊசி ஏறுகிறது. சிறுநீரகம் பழுதானவர்களின் இரத்தத்தை மெசினால் சுத்தம் செய்கிற டயலிசிஸுக்குப் புதிதாக வருகிறவர்கள் பக்கத்துக் கட்டிலில் இருந்து இரண்டையும் மாறி மாறிப் பார்ப்பார்கள். பிறகு மெதுவாகக் கேட்பார்கள்: "அண்ணை, முதலாவது ஏன் பிழைச்சது?"

நான் நீர்வேலியில் வாழைத்தோட்டம் செய்கிறவன். பத்தாம் வகுப்போடு படிப்பு நின்றது. ஆனாலும் அந்தக் கேள்வியை டொக்டர்மார், மிஸ்மார் (தாதிமார்), ஸ்கான் செய்கிறவர்கள் என்று ஒருவரையும் விடாமல் கேட்டு அரித்திருக்கிறேன். தங்கச்சியின் மகள் மருத்துவபீடத்தில் படிக்கிறாள். ஆங்கிலத்தில் இருப்பதை வாசித்துச் சொன்னவள் அவள். சொல்லிச் சொல்லி வாய் அலுத்துவிட்டதால் இப்போது எழுதி வைக்கிறேன். பிஸ்டுலா போட நாள் குறித்தவர்களுக்கும், போட்டுவிட்டுக் காத்திருப்பவர்களுக்கும், அவர்களோடு கிளினிக்குக்கு அலைகிற பிள்ளைகளுக்கும் இது உதவும்.

முதலில் பிஸ்டுலா என்றால் என்ன என்று விளங்கவேண்டும். ஊரில் எல்லாவற்றையும் நரம்பு என்போம். பள்ளிக்கூட விஞ்ஞானப் புத்தகத்தில் நாடி, நாளம் என்று படித்திருப்பீர்கள். இருதயத்திலிருந்து அடித்துக்கொண்டு வருவது நாடி, திரும்பிப் போவது நாளம். டயலிசிஸ் மெசின் நிமிடத்துக்கு ஏறக்குறைய 300 மில்லிலீற்றர் இரத்தத்தை இழுக்கும். தோலுக்குக் கீழே தெரிகிற நாளத்தில் அந்த அளவு ஓட்டம் இல்லை. ஓட்டமுள்ள நாடியோ ஆழத்தில் கிடக்கிறது. கிழமைக்குக் கிழமை தடித்த ஊசி குத்த அது தாங்காது. 1960இல் அமெரிக்காவில் ஸ்கிரிப்னர் என்ற டொக்டர் இரண்டையும் தோலுக்கு வெளியே ஒரு டெஃப்லோன் குழாயால் இணைத்துப் பார்த்தார். அது அடைத்தது, கிருமி பிடித்தது. 1966இல் நியூயோர்க்கில் பிரேசியா, சிமினோ என்ற டொக்டர்மாரும் அப்பெல் என்ற சத்திரசிகிச்சை நிபுணரும் வேறு வழி ஒன்றை எழுதி வெளியிட்டார்கள். குழாயே வேண்டாம், மணிக்கட்டில் நாளத்தை நாடியோடு நேரடியாகத் தைத்துவிடுவோம் என்பது அந்த வழி. அப்படித் தைத்த இணைப்புத்தான் பிஸ்டுலா. என் மணிக்கட்டுத் தழும்பு அவர்களுடைய வழிதான்.

தைத்த உடனே அது பிஸ்டுலா ஆகிவிடாது. இதை எனக்கு முன்கூட்டியே ஒருவரும் சொல்லவில்லை. மணிக்கட்டு நாடியில் வழமையாக நிமிடத்துக்கு 20 முதல் 30 மில்லிலீற்றர்தான் ஓடும். தைத்த நாளிலேயே அது 200, 300க்கு ஏறும். அந்தப் பாய்ச்சலுக்கு நாளம் விரிய வேண்டும், சுவர் தடிக்க வேண்டும், நாடியும் தன்னைப் பெருப்பித்துக்கொள்ள வேண்டும். இவ்வளவும் நடந்தால்தான் 600ஐத் தாண்டும். 2006இல் வந்த அமெரிக்க வழிகாட்டல் ஒன்றில் நினைவில் வைக்கச் சுலபமான கணக்கு ஒன்று இருக்கிறது. எல்லாம் ஆறு: 6 கிழமையில், 600 மில்லிலீற்றர் ஓட்டம், 6 மில்லிமீற்றர் அகலம், தோலிலிருந்து 6 மில்லிமீற்றருக்கு மேற்படாத ஆழம். அகலம் போதாவிட்டால் ஊசி மறுபக்கம் துளைத்துக்கொண்டு போகும். ஆழம் கூடினால் ஊசி தேடித் திரியும். ஓட்டம் போதாவிட்டால் மெசின் கத்தும்.

இனி என் தொழிலை வைத்துச் சொல்கிறேன். தோட்டத்தில் இறைப்பு மெசின் ஓடுகிறது, கடைசிப் பாத்திக்குத் தண்ணீர் வந்து சேரவில்லை. என்ன செய்வோம்? பொறுத்திருந்தால் வரும் என்று வரம்பில் குந்தியிருக்க மாட்டோம். கிணற்றில் தண்ணீர் காணுமா என்று எட்டிப் பார்ப்போம். குழாய் வாயில் ஏதும் அடைத்திருக்கிறதா என்று பார்ப்போம். வாய்க்கால் எங்காவது உடைத்துப் பக்கத்துப் பாத்திக்குப் போகிறதா என்று நடந்து பார்ப்போம். கீழே மறிப்பு விழுந்திருக்கிறதா என்று பார்ப்போம். பிஸ்டுலா சரிவராமல் போவதும் இந்த நாலு இடத்தில் ஒன்றால்தான், சிலருக்கு இரண்டு மூன்று சேர்ந்து. என் முதலாவது பிஸ்டுலாவில் மூன்று இருந்தன.

கிணறு என்றது நாடியை. எனக்குச் சீனி வருத்தம் வந்து இருபத்திரண்டு வருடம். சீனியும் பிறஷரும் சிறுநீரக வருத்தமும் சேர்ந்து கிடந்தால் நாடிச் சுவரில் சுண்ணாம்பு படியும். வெயிலில் வருடக் கணக்காகக் கிடந்த பிளாஸ்ரிக் ஹோஸ் எப்படி விறைத்துப் போகும், அப்படி. விறைத்த நாடி விரியாது, விரியாவிட்டால் ஓட்டமும் ஏறாது. சுருட்டு, சிகரெட் பிடிக்கிறவர்களுக்கும் இந்தப் பிரச்சினை உண்டு. நான் இருபது வருடம் சுருட்டுப் பிடித்தவன், கணக்கில் அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பெண்களுக்கும் வயதானவர்களுக்கும் மணிக்கட்டுப் பிஸ்டுலா சரிவராத வாய்ப்புக் கூட. பெண்களின் குழாய்கள் இயல்பிலேயே சிறிது என்பது ஒரு காரணம். அது மட்டும்தானா என்று இன்னும் வாதாடிக்கொண்டிருக்கிறார்கள்.

ஆகவே ஒப்பரேஷனுக்கு முன் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். கைக் குழாய்களை ஸ்கான் செய்து அளந்தார்களா என்று கேளுங்கள். நாடியின் உள் அகலம் 2 மில்லிமீற்றருக்குக் குறைவாகவோ, கைக்குக் கட்டுப் போட்டு இறுக்கிய பிறகும் நாளம் 2, 2.5 மில்லிமீற்றருக்குக் குறைவாகவோ இருந்தால் அந்த இடத்தில் தைப்பது சூதாட்டம் மாதிரி. மணிக்கட்டில் போடத்தான் பொதுவாக விரும்புவார்கள். அது பிழைத்தாலும் மேலே முழங்கைக்கு இடம் மிஞ்சும் என்பது நல்ல நியாயம்தான். ஆனால் நாடி விறைத்த சீனி வருத்தக்காரருக்கு நேரே முழங்கையில் போடுவது சில வேளை புத்தி. அங்கே நாடி பெரிது. அதற்கு வேறு விலை உண்டு, கை விரலுக்குப் போகிற இரத்தம் குறைந்து விரல்கள் குளிர்ந்து நோகலாம். எதைத் தெரிவது என்பது டொக்டரின் வேலை. ஏன் இந்த இடம் என்று கேட்பது உங்கள் வேலை. நான் கேட்கவில்லை. கையை நீட்டினேன், வெட்டினார்கள்.

அடுத்தது நாளம். இதில்தான் நாங்களே எங்கள் கையைக் கெடுத்துக்கொள்கிறோம்.

டயலிசிஸ் வருவதற்கு மூன்று வருடம் முதல் காலில் புண் வந்து ஓர் ஆஸ்பத்திரியில் பதினொரு நாள் கிடந்தேன். மருந்து ஏற்ற கனூலா போட்டார்கள். வலது கையால் சாப்பிட வேண்டும் என்று நானே இடது கையைக் கொடுத்தேன். மணிக்கட்டிலிருந்து பெருவிரல் பக்கமாக மேலே ஓடுகிற வடிவான நாளம் ஒன்று இருக்கும், உங்கள் கையிலும் பாருங்கள். அதில் போட்டார்கள். இரண்டு நாளில் வீங்கியது, கொஞ்சம் மேலே போட்டார்கள். அதுவும் வீங்கியது, இன்னும் மேலே. அந்தப் பதினொரு நாளில் என் பிஸ்டுலாவுக்கு உரிய நாளத்தில் நாலு இடத்தில் தழும்பு விழுந்தது. அப்போது, சிறுநீரகப் பழுதைக் காட்டுகிற என் இரத்தக் கிரியற்றினின் அளவு ஏற்கெனவே ஏறத் தொடங்கியிருந்தது. இந்தக் கையைச் சேமிக்க வேண்டும் என்று அங்கே இருந்த ஒருவருக்கும் தோன்றவில்லை. எனக்கு எப்படித் தோன்றும்?

சிறுநீரகம் பழுதாகிறது என்று தெரிந்த நாளிலிருந்து, டயலிசிஸ் பற்றி ஒருவரும் கதைக்காவிட்டாலும், நீங்கள் எழுதாத கையை ஒதுக்கி வையுங்கள். இரத்தம் எடுப்பதென்றாலும் கனூலா போடுவதென்றாலும் மற்றக் கையின் புறங்கையில் போடச் சொல்லுங்கள். முன்கையும் முழங்கை மடிப்பும் தரமாட்டேன் என்று சொல்லுங்கள். "இது சேமிக்கிற கை, மிஸ்" என்றால் விளங்கிக்கொள்வார்கள். விளங்காவிட்டால் இன்னொருமுறை சொல்லுங்கள். அவசரத்தில் மயங்கிக் கிடந்தால் சொல்ல முடியாதே என்று என் மனைவி மாட்டுத்தாளில் எழுதி என் கிளினிக் கொப்பியின் முன்மட்டையில் ஒட்டிவிட்டாள்: "இடது கையில் ஊசி, பிறஷர் வேண்டாம்." முதல் பிஸ்டுலா பிழைத்த பிறகு வந்த ஞானம்.

நாள் விஷயமும் இருக்கிறது. தைத்து, அது விளைந்து, ஊசி போடும் வரை இரண்டு மூன்று மாதம் போகும். முதலாவது பிழைத்தால் மறுபடி அவ்வளவு. ஆகவே டயலிசிஸ் தேவைப்படும் என்று டொக்டர் சொன்னதும் "இன்னும் சலம் போகுதுதானே, பிறகு பார்ப்பம்" என்று தள்ளிப் போடாதீர்கள். தள்ளிப் போட்டவர்கள் ஒரு நாள் மூச்சு முட்டி வந்து, கழுத்து நாளத்தில் செருகுகிற கதீற்றர் என்ற குழாயோடு தொடங்குவார்கள். நானும் அப்படித்தான் தொடங்கினேன். கழுத்துக் கதீற்றரில் கிருமி போய் ஒருமுறை கட்டில் அதிரும்படி நடுங்கினேன். இன்னொன்று, கழுத்து எலும்புக்குக் கீழே, தோள் பக்கத்துப் பெரிய நாளத்தில் கதீற்றர் கிடந்தால் அந்த நாளம் சுருங்கிப் போகலாம். பிறகு அதே பக்கக் கையில் பிஸ்டுலா போட்டால் வாய்க்காலின் கடைவாயில் மறிப்பு விழுந்த மாதிரி, கை முழுவதும் வீங்கும். முன்பு எந்தப் பக்கத்தில் கதீற்றர் கிடந்தது, இருதயத்துக்குப் பேஸ்மேக்கர் எந்தப் பக்கம் என்பதை ஒப்பரேஷன் செய்கிறவரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

ஒப்பரேஷனைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. கையை மட்டும் விறைக்கப் பண்ணுவார்கள், ஒரு மணித்தியாலம், இரண்டு மணித்தியாலம். எனக்கு அன்று பின்னேரமே பசித்தது.

வந்த நாள் இரவிலிருந்து உங்கள் வேலை தொடங்குகிறது. தையலுக்குச் சற்று மேலே மற்றக் கையின் மூன்று விரலை மெதுவாக வையுங்கள். பூனை மடியில் படுத்து உறுமுவது போல ஒரு சுரசுரப்பு ஓய்வில்லாமல் தெரிய வேண்டும். காதுக்குக் கிட்டக் கொண்டு போனால் தூரத்தில் மெசின் ஓடுகிற மாதிரி ஊம் ஊம் என்று கேட்கும். காலையும் இரவும் பாருங்கள். பல்லுத் தீட்டும்போது ஒருமுறை, படுக்கும்போது ஒருமுறை என்று வைத்துக்கொண்டால் மறக்காது. சுரசுரப்பு நின்றுவிட்டால் உள்ளே இரத்தம் கட்டிபட்டு அடைத்துவிட்டது என்று அர்த்தம். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அடுத்த கிளினிக் நாள் வரட்டும் என்று இருந்தால் காப்பாற்ற வழி இருக்காது.

அந்தக் கையில் பிறஷர் பார்க்க விடாதீர்கள், மணிக்கூடு கட்டாதீர்கள், தலைக்கு வைத்துப் படுக்காதீர்கள். வாழைக்குலையை நான் இடது தோளில் தூக்கிப் பழகியவன். அதை மாற்ற ஒரு மாதம் பிடித்தது. எங்கள் பக்கத்து மாமி ஒருவர் கல்யாணக் காப்பைக் கழற்றவே மாட்டேன் என்று நின்றார். கடைசியில் மிஸ், "மாமி, மற்றக் கையில ரெண்டு சோடியும் போடுங்கோ, இன்னும் வடிவா இருக்கும்" என்று சொல்லிச் சரிக்கட்டினார்.

காயம் ஆறியதும், டொக்டர் சரி என்றதும், பந்து அமத்துகிற பயிற்சியைத் தொடங்கலாம். பேரனின் றப்பர் பந்தை எடுத்துக்கொண்டேன். ஒரு தரம் அமத்தி மூன்று வரை எண்ணி விடுவது, ஐந்து நிமிடம், நாளுக்கு ஐந்தாறு முறை. பயிற்சியால் பெரிய அதிசயம் நடக்கும் என்று ஆராய்ச்சிகள் சொல்லவில்லை, கொஞ்சம் உதவக்கூடும் என்கிறார்கள். கெடுதல் இல்லை, காசும் இல்லை. செய்யுங்கள். ஆனால் பந்தை மட்டும் நம்பி இருக்காதீர்கள். முதலாவது பிஸ்டுலாவுக்கு நான் விடாமல் பந்து அமத்தினேன், அதுதான் பிழைத்தது.

பிறஷர் அதிகம் இறங்குவதும் புதுப் பிஸ்டுலாவுக்கு ஆகாது. கிணற்றில் தண்ணீர் இறங்கினால் மெசின் காற்றை இழுக்கும் அல்லவா. கரையோரப் பக்கத்து அண்ணை ஒருவருக்கு வயிற்றோட்டம் இரண்டு நாள். தண்ணீரும் அளந்து குடிக்கிற ஆள், பிறஷர் மாத்திரையையும் வழமை போலப் போட்டிருக்கிறார். மூன்றாம் நாள் காலை கையில் சுரசுரப்பு இல்லை. வாந்தி, வயிற்றோட்டம், கடும் காய்ச்சல் வந்தால் உடனே உங்கள் டயலிசிஸ் பிரிவோடு கதையுங்கள்; மாத்திரையைக் குறைப்பதா, எவ்வளவு தண்ணீர் குடிப்பது என்பதை அவர்கள் சொல்லட்டும். டயலிசிஸில் ஒரே நாளில் நாலு கிலோ இறக்க வேண்டிய நிலையில் போனாலும் இதே கதைதான், இடையில் பிறஷர் விழும். உப்பைக் குறைத்தால் தாகம் குறையும். ஊறுகாய், கருவாடு, மோர்மிளகாய் மூன்றையும் விட்டேன். வாழைப்பழத்தையும் பொட்டாசியம் என்று தடுத்துவிட்டார்கள். கதலியும் இதரையும் குலை குலையாக வெட்டி அனுப்புகிறவன் நான், ஒரு பழம் உரித்துச் சாப்பிட வழியில்லை.

இனித்தான் முக்கியமான இடம், நாலாம் கிழமை.

2002இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வை மருமகள் வாசித்துக் காட்டினாள். முதல் நாலு மாதத்தில் பிஸ்டுலாக்களை ஸ்கான் செய்து பார்த்திருக்கிறார்கள். 4 மில்லிமீற்றர் அகலமும் 500 மில்லிலீற்றர் ஓட்டமும் இரண்டும் இருந்தவர்களில் 95 வீதத்தினருக்குப் பிஸ்டுலா டயலிசிஸுக்கு உதவியது. இரண்டும் இல்லாதவர்களில் 33 வீதம்தான். எனக்கு நெஞ்சில் தைத்தது அடுத்த செய்தி: இரண்டாம், மூன்றாம், நாலாம் மாத அகலங்களுக்கிடையில் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. அதாவது வளர்வது முதல் கிழமைகளிலேயே வளர்ந்துவிடுகிறது. அப்போது வளராததைப் பார்த்துக்கொண்டு இருப்பதில் பலன் குறைவு. அனுபவமுள்ள மிஸ்மார் கையால் தடவிப் பார்த்துச் சொன்னதே 80 வீதம் சரியாக இருந்ததாம்.

என் முதலாவது பிஸ்டுலாவை நாலாம் கிழமையில் நான் ஓரிடத்தில் காட்டினேன். ஒருவர் தூரத்தில் நின்று பார்த்துவிட்டு, "பொறுங்கோ ஐயா, சரிவரும்" என்றார். கையைத் தொடவில்லை. நானும் சந்தோஷமாக வீட்டுக்கு வந்தேன். ஒன்பதாம் கிழமையில்தான் ஸ்கான். நாளம் 3 மில்லிமீற்றர், ஓட்டம் 200ஐத் தாண்டவில்லை. நாளத்தை உள்ளிருந்து விரிக்கிற பலூன் போட நாள் எடுக்க முன் அடைத்துவிட்டது.

நாலாம் கிழமையில் இப்படிச் செய்யுங்கள். வெளிச்சத்தில் இருந்து கையை மேசையில் நீட்டுங்கள். நாளம் மேலே ஓடுகிற பாதை கண்ணுக்குத் தெரிகிறதா? விரலால் அமத்தினால் மெத்தென்று அமிழ்கிறதா? தைத்த இடத்தில் சுரசுரப்பு பலமாகவும் மேலே போகப் போகக் குறைந்தும் இருப்பது நல்லது. சுரசுரப்புக் குறைந்து, அதற்குப் பதிலாகச் சுண்டி எறிகிற மாதிரித் துடிப்பு மட்டும் பலமாக இருந்தால் மேலே எங்கோ ஓட்டம் மறிபடுகிறது. துடிப்பும் இல்லை, சுரசுரப்பும் சோர்வு, நாளம் தட்டையாகக் கிடக்கிறது என்றால் உள்ளே வருகிற தண்ணீரே போதவில்லை.

அடுத்துக் கையை மெதுவாகத் தலைக்கு மேலே தூக்குங்கள். நல்ல பிஸ்டுலா வடிந்து தட்டையாகும். ஒரு துண்டு மட்டும் வீங்கியபடி நின்றால், ஒடுக்கம் அந்தத் துண்டின் தோள் பக்க நுனியில் இருக்கலாம்.

மூன்றாவது சோதனையை எனக்குக் காட்டித் தந்தது ஒரு மூத்த மிஸ். தைத்த இடத்திலிருந்து நாலு விரல் மேலே நாளத்தை ஒரு விரலால் அமத்தி அடைக்க வேண்டும், சில விநாடி மட்டும். மற்ற விரல்களைத் தையலுக்குக் கிட்ட வைத்துக்கொள்ள வேண்டும். பாதை அடைபட்டதால் சுரசுரப்பு நின்று, துடிப்பு ஓங்கி அடிக்க வேண்டும். துடிப்பு ஓங்காவிட்டால் நாடியிலோ தையல் வாயிலோ குறை. அடைத்த பிறகும் சுரசுரப்பு நிற்காமல் இருந்தால் தையலுக்கும் உங்கள் விரலுக்கும் இடையில் பக்கக் கிளை ஒன்று இருக்கிறது, இரத்தம் அந்த வழியே கழன்று போகிறது. வாய்க்கால் உடைப்பு என்றேனே, அதுதான். அமத்துகிற இடத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக மேலே நகர்த்திப் பார்த்தால் கிளை எங்கே பிரிகிறது என்றும் தெரியும். முதன்முறை நீங்களாகச் செய்யாமல், மிஸ்ஸைச் செய்து காட்டச் சொல்லிப் பழகுங்கள். பலமாக நெரிக்கக் கூடாது, நேரம் நீட்டக் கூடாது.

என் முதலாவது பிஸ்டுலாவில் இருந்த மூன்று குறைகளையும் இப்போது சொல்லலாம். நாடி விறைத்தது ஒன்று. இரண்டாவது, பக்கக் கிளை. மூன்றாவது, தையலுக்கு அடுத்த இரண்டு விரல் நீளத்துக்கு நாளம் நூல் மாதிரி மெலிந்தது. இந்த மூன்றாவதுதான் பலருக்கு வருகிறது. ஒப்பரேஷனுக்காக நாளத்தைப் பிரித்து எடுத்து வளைத்துத் தைக்கும்போது அந்தத் துண்டு காயப்படுகிறது. பிறகு நாடியின் வேகம் அந்த வளைவில் சுழித்து மோதுகிறது. காயப்பட்ட உட்சுவர் ஆறுகிறேன் என்று அளவுக்கு மீறித் தசையை வளர்க்கிறது, வழி ஒடுங்குகிறது. சிறுநீரக வருத்தம் உள்ளவர்களின் நாளச் சுவர் ஒப்பரேஷனுக்கு முன்பே தடித்திருப்பதும் உண்டு.

மாத்திரை போட்டு இதைத் தடுக்க ஏலாதா என்று நானும் கேட்டேன். அமெரிக்காவில் 877 பேரில், இரத்தம் கட்டிபடாமல் தடுக்கிற குளோபிடோக்ரெல் மாத்திரையைச் சோதித்துப் பார்த்து 2008இல் முடிவை வெளியிட்டார்கள். ஆரம்பத்தில் இரத்தம் கட்டிபட்டு அடைப்பது 19.5 வீதத்திலிருந்து 12.2 வீதமாகக் குறைந்தது. ஆனால் டயலிசிஸுக்கு உதவாமல் போன பிஸ்டுலாக்கள் மாத்திரை போட்டவர்களிலும் போடாதவர்களிலும் ஏறக்குறைய 60 வீதம். அந்த 60ஐக் கேட்ட அன்று எனக்குக் கொஞ்சம் ஆறுதலாகவும் இருந்தது, கோபமாகவும் இருந்தது. அவ்வளவு பேருக்குப் பிழைக்கிற ஒன்றை ஏன் எனக்கு நிச்சயம் போலச் சொன்னார்கள்? மீன் எண்ணெயையும் ஒரு பெரிய ஆய்வில் பார்த்திருக்கிறார்கள், 2017இல் வந்த முடிவு: பலன் இல்லை. ஆகவே யாராவது போத்தல் கொண்டு வந்து நீட்டினால் வாங்காதீர்கள்.

கண்டுபிடித்தால் செய்ய வழி உண்டு. மெலிந்த துண்டைப் பலூன் விட்டு விரிக்கலாம்; சிலருக்கு ஒன்றுக்கு மேற்பட்ட தடவை தேவைப்படும். பக்கக் கிளை பெரிதென்றால் சிறு வெட்டுப் போட்டுக் கட்டிவிடலாம். ஓட்டமும் அகலமும் நல்லது, ஆனால் கொழுத்த கையில் ஆழமாகக் கிடக்கிறது என்றால் நாளத்தைத் தோலுக்குக் கிட்டத் தூக்கி வைக்கிற ஒப்பரேஷன் உண்டு. தையலைக் கொஞ்சம் மேலே மாற்றிப் புதிதாகத் தைக்கவும் செய்கிறார்கள். எங்கே, எப்போது, யார் செய்வார்கள் என்பதைப் பிஸ்டுலா போடும் முன்பே கேட்டு வையுங்கள். நாலாம் கிழமையில் குறை கண்டு, பிறகு விசாரிக்கத் தொடங்கினால் ஆறாம் கிழமையும் போய்விடும்.

எல்லாருக்கும் பிஸ்டுலாதான் என்று பிடிவாதம் பிடிக்கவும் வேண்டாம். 2019இல் அந்த அமெரிக்க வழிகாட்டலைத் திருத்தியபோது ஆளுக்கு ஏற்ற திட்டம் வேண்டும் என்று மாற்றிவிட்டார்கள். எண்பது வயது, இருதயம் பலவீனம், குழாயெல்லாம் நூல் என்ற ஒருவருக்கு மூன்று ஒப்பரேஷன் செய்து கையைக் கிழிப்பதைவிட, செயற்கைக் குழாயோ கதீற்றரோ மேல் என்று டொக்டர் சொன்னால் அது கைவிட்டுவிட்டதாக அர்த்தம் இல்லை.

என் இரண்டாவது கதை சுருக்கம். ஆறு மாதம் கழித்து முழங்கை மடிப்பில் போட்டார்கள். இந்தமுறை ஸ்கான் முதலில், வெட்டுப் பிறகு. நாலாம் கிழமை மூத்த மிஸ் கையைத் தடவி, தூக்கி, அமத்திப் பார்த்துவிட்டு, "ஐயா, இது நல்லா வருது" என்றார். ஸ்கானில் 5 மில்லிமீற்றரும் 700உம் இருந்தது. பத்தாம் கிழமை முதல் ஊசி.

முதல் ஊசிகளுக்கு அவசரப்படாதீர்கள். சிறிய ஊசி, மெசினும் குறைந்த வேகத்தில். கழுத்துக் கதீற்றர் இருந்தால் முதலில் மெசினின் ஒரு குழாயைப் பிஸ்டுலா ஊசியிலும் மற்றதைக் கதீற்றரிலும் வைத்துப் பழக்குவார்கள். கை பழகியவரே குத்தட்டும், "இண்டைக்குப் பழகுற பிள்ளைக்குக் கையைக் குடுங்கோ" என்றால் தன்மையாக, அடுத்த மாதம் தருகிறேன் என்று சொல்லுங்கள். ஒரே ஓட்டையில் குத்தாமல் ஏணிப்படி மாதிரி இடம் மாற்றிக் குத்தச் சொல்லுங்கள்.

இவ்வளவு பார்த்தும் எனக்கு இரண்டாவது நாள் ஊசி மறுபக்கம் போய்விட்டது. முழங்கைக்கு மேலே கத்தரிக்காய் நிறத்தில் கை வீங்கியது. மனைவி கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு அழுதாள், இதுவும் போச்சு என்று. மிஸ் துணி சுற்றிய ஐஸ் வைத்து, சுரசுரப்பைத் தொட்டுப் பார்த்து, அவளுடைய விரலையும் எடுத்து அதில் வைத்தார். "அம்மா, ஓடுது பாருங்கோ." ஒன்றரைக் கிழமை அந்தக் கையை விட்டுவிட்டுக் கழுத்தால் செய்தார்கள். வீக்கம் வற்றிய பிறகு, வேறு இடத்தில், சிறிய ஊசி. அன்றைக்கு மெசின் ஒருமுறையும் கத்தவில்லை.